பழைய ரிவால்வர் பார்த்து வாங்குவது எப்படி?

ராஜகீழ்ப்பாக்கத்தில் மனை வாங்கப் போகிறேன் என்று டீக்கடையில் ஒரு வார்த்தை விட்டுப் பாருங்கள். தாய்ப்பத்திரம் கேளுங்க, முப்பது வருஷத்துக்கு வில்லங்கம் போடுங்க, ஏரிப் புறம்போக்கான்னு பாருங்க, 2015ல இந்தத் தெருவுல எவ்வளவு தண்ணி நின்னுதுன்னு எதிர்வீட்டு அம்மாகிட்ட விசாரிங்க என்று ஆளுக்கொன்றாகச் சொல்லி, டீ ஆறுவதற்குள் உங்களைப் பாதி வக்கீல் ஆக்கிவிடுவார்கள். பழைய ரிவால்வர் வாங்கப் போகிறேன் என்று சொன்னால் மட்டும் கடையில் ஆள் இருக்காது. இந்த அநியாயத்தைச் சரிசெய்யவே இந்தக் கையேடு.

முதலில் உங்கள் தகுதி. தீபாவளிக்கு ரோல் கேப் போட்டுச் சுட்டவரா? சிவகாசியிலிருந்து வந்த லயன் காமிக்ஸில் டெக்ஸ் வில்லரோடு அரிசோனா சுற்றியவரா? 1972இல் வந்த ‘கங்கா’வையும் ‘ஜக்கம்மா’வையும் பார்த்துவிட்டு, ஜெய்சங்கரால் முடிந்தது நம்மால் முடியாதா என்று நினைத்தவரா? பி.எஃப். பணமும் கைக்கு வந்துவிட்டதா? போதும். ஆசைக்கு இவ்வளவு தகுதி போதும். மற்ற தகுதிகளை அரசாங்கம் பார்த்துக்கொள்ளும்.

அரசாங்கத்தின் கணக்கு மிக எளிது. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி ஒருவர் மூன்று துப்பாக்கி வரை வைத்திருக்கலாம் என்று இருந்தது. 2019இல் வந்த திருத்தம் அதை இரண்டாக்கிவிட்டது. தாத்தா வழியில் வந்தாலும் சரி, மாமனார் வழியில் வந்தாலும் சரி, மொத்தம் இரண்டுதான். டெக்சாஸ்காரர் சுவர் நீளத்துக்கு மாட்டி வைத்திருக்கும் சேகரிப்புப் படங்களைப் பார்த்து ஏங்காதீர்கள். நம் ஊரில் சேகரிப்பு என்றால் ஒன்று, இரண்டு, முற்றும்.

அந்த இரண்டுக்கும் உரிமம் வேண்டும். உரிமத்துக்குக் காரணம் வேண்டும். ‘உயிருக்கு ஆபத்து’ என்பது ஒரு காரணம். ‘1887 மாடல் வெப்ளி ரிவால்வர் மேல் எனக்குத் தீராத ஆசை’ என்பது காரணம் அல்ல, அது ஒரு நிலைமை. உரிமம் கேட்க வேண்டிய இடம் காவல் ஆணையரகம். தாம்பரத்துக்கென்று தனி ஆணையரகம் 2022இல் வந்தது. தாம்பரம் ஆணையர் அலுவலகம் தாம்பரத்தில்தானே இருக்கும் என்று கேம்ப் ரோடு பக்கம் வண்டியைத் திருப்பியவர்கள் உண்டு. அலுவலகத்தைத் தொடங்கியது சோழிங்கநல்லூரில். மேடவாக்கம் நெரிசலைத் தாண்டி அங்கே போய்ச் சேருவதற்குள் பலருக்கு ஆசை தணிந்துவிடும். காவல்துறை செய்யும் முதல் கட்ட வடிகட்டல் இதுதான் என்று நினைக்கிறேன்.

உரிமம் இல்லாமலே வைத்துக்கொள்ள ஒரு சந்து இருக்கிறது. சட்டத்தின் 45ஆம் பிரிவு, வழக்கொழிந்த மாதிரியாகவோ தொல்பொருள் மதிப்புள்ளதாகவோ பழுதாகிப் போனதாகவோ இருக்கிற ஆயுதத்தை விட்டுவிடுகிறது. ஆனால் ஒரு நிபந்தனை: அப்படியே இருந்தாலும், பழுதுபார்த்தாலும், அது சுடக் கூடாது. இங்கேதான் சிக்கல். பழைய வண்டி உதிரிபாகத்துக்குப் பேர்போன புதுப்பேட்டைக்குப் போய்வரக் கூடிய தூரத்தில் இருந்துகொண்டு, ஒரு பொருளைக் காட்டி ‘இதைப் பழுதுபார்க்கவே முடியாது சார்’ என்று ஒரு காவல் ஆய்வாளரிடம் சொல்லிப் பாருங்கள். அவரும் டூவீலர் வைத்திருக்கிறார். அவருக்குத் தெரியாதா?

ஆகவே முதல் பாடம், உலகச் சந்தையின் அளவுகோலைத் தலைகீழாகப் பிடிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். அமெரிக்க ஏலப் பட்டியலில் ‘நன்றாக இயங்குகிறது’ என்று ஒரு வரி இருந்தால் மதிப்பு கூடும். இங்கேயும் கூடும், வருஷக் கணக்கில். உரிமமில்லாத சாதாரணத் துப்பாக்கிக்கு 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது 2 ஆண்டு சிறை, அதிகம் போனால் 5. தடைசெய்யப்பட்ட ரகம் என்றால் 7இலிருந்து 14 வரை. வெப்ளியின் பெரிய .455, இரண்டாம் உலகப் போரில் அதிகாரிகள் இடுப்பில் தொங்கிய .38 என்று நீங்கள் கனவு காணும் பெயர்பெற்ற சரக்கெல்லாம் இந்த இரண்டாவது பெட்டியில்தான் வரும். நமக்கென்று விட்டுவைத்திருப்பது பெரும்பாலும் .32.

அந்த .32இன் விலைக்கதை தனி வேடிக்கை. வெளிநாட்டுக் கைத்துப்பாக்கியைத் தனியார் இறக்குமதி செய்யும் வழி எண்பதுகளிலேயே ஏறக்குறைய அடைபட்டுவிட்டது. அதனால் அதற்கு முன் வந்திறங்கிய ஒரு சாதாரண வெப்ளி அண்ட் ஸ்காட், இங்கிலாந்தில் யாரும் திரும்பிப் பார்க்காத ரகம், இங்கே உரிமத்தோடு கைமாறும்போது லட்சங்களில் பேசுகிறது. கான்பூர் ஆயுதத் தொழிற்சாலை 2014இல் பெண்களுக்கென்று ‘நிர்பீக்’ என்ற புத்தம்புது .32 ரிவால்வரைக் கொண்டுவந்தபோது அதன் விலையே சுமார் 1.22 லட்சம் ரூபாய். பழையது அதைவிட எத்தனையோ மடங்கு. இது தொன்மைக்குக் கிடைத்த மரியாதை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சுங்கத்துறைக்குக் கிடைத்த மரியாதை.

சரி, ஒரு பழைய ரிவால்வர் செம்பாக்கத்தில் ஒரு வீட்டில் இருப்பதாகக் காதில் விழுகிறது. போகிறீர்கள். விமானப்படை நிலையம் பக்கத்திலேயே இருப்பதால் ஓய்வுபெற்ற படைவீரர் குடும்பங்களுக்கு இந்தப் பகுதியில் பஞ்சமில்லை. கதையும் அதற்கேற்ப வரும். அந்த வீட்டு மாமா பீரோவைத் திறக்கிறார். பழைய வேட்டித் துணியில் சுற்றியது வெளியே வருகிறது. உங்களுக்கு முன்பே அதன் பளபளப்பு வந்து உட்கார்ந்துகொள்கிறது.

அந்தப் பளபளப்பைப் பார்த்ததும் மனசுக்குள் அழுதுவிடுங்கள்.

நம்மவருக்குக் கைவந்த கலைகள் இரண்டு. ஒன்று துலக்குவது, மற்றொன்று கதை சொல்வது. பழைய ரிவால்வரின் மதிப்பைக் குழிதோண்டிப் புதைக்க இந்த இரண்டே போதும். குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்த்த கை, இரும்பைக் கண்டால் சும்மா இருக்காது. தொழிற்சாலையை விட்டு வெளியே வந்தபோது அந்த ரிவால்வரின் எஃகுக்கு ஒரு கருநீல மேனி இருந்தது. எஃகின் மேல்தோலையே சூட்டாலும் ரசாயனத்தாலும் மாற்றி வரவழைக்கிற நிறம் அது. பெயின்ட் இல்லை. நூறு வருஷத்தில் அது உறையில் உரசி, கை வியர்வை பட்டு, மெல்லப் பழுப்பேறும். சேகரிப்பாளர் காசு கொடுப்பது அந்த மிச்ச நீலத்துக்கும் அந்தப் பழுப்புக்கும்தான். உப்புத்தாளும் பிராஸோவும் அரைமணி நேரத்தில் அதைத் துடைத்தெறிந்துவிடும். மாமா அதைப் பெருமையாகச் சொல்வார்: “கறுப்பா அழுக்கு அண்டிக் கெடந்துது சார், நானே உக்காந்து தேய்ச்சேன்.” அவர் தேய்த்தது அழுக்கை அல்ல, பாதி விலையை.

போதாததற்கு ஆயுத பூஜை. மற்ற நாட்டுச் சேகரிப்பாளர்கள் எழுதும் கையேடுகளில் இந்த அத்தியாயம் இருக்காது. சந்தனம், குங்குமம், மேலே இரண்டு சொட்டுப் பன்னீர், ஒரு முழம் கதம்பம். ஈரச் சந்தனம் இரும்பின் மேல் இரவெல்லாம் காய்ந்தால் அடியில் வட்டமாகத் துரு பிடிக்கும். அதைச் சுரண்டினால் பள்ளம். தோட்டா உருளைக்கு மேலே நடுவில், நெற்றிப் பொட்டு அளவில் ஒரு குழி தெரிந்தால், அது ஆப்கன் போரில் பட்ட அடி அல்ல. பல சரஸ்வதி பூஜைகளின் கூட்டுத்தொகை. இந்தியாவில் நெடுங்காலம் இருந்த துப்பாக்கி என்பதற்கு இதைவிட நம்பகமான முத்திரை இல்லை என்றும் வாதிடலாம். நான் வாதிடுவேன்.

துருவை வைத்து வயது சொல்கிறவர்களிடம் ஜாக்கிரதை. “1857 கலகத்துல மண்ணுக்குள்ள புதைச்சது சார்” என்பார்கள். முடிச்சூர், வரதராஜபுரம் பக்கமிருந்து வந்த பொருளா என்று கேளுங்கள். 2015 டிசம்பரில் பீரோவின் கீழ்த்தட்டு வரை தண்ணீர் நின்ற வீடு என்றால் கணக்கு நேராகிவிடும். பழைய துரு கருத்து, இறுகி, கையில் ஒட்டாது. புதிய துரு செங்கல் நிறத்தில் விரலோடு வரும். 1857 விரலோடு வந்தால் கை கழுவிவிட்டுக் கிளம்புங்கள்.

துலக்கியதா, நீலம் மறுபடி ஏற்றியதா என்று கண்டுபிடிக்க ஆய்வகம் வேண்டாம். ஒரு பூதக்கண்ணாடியும் டியூப்லைட்டும் போதும். திருகாணியின் தலையைப் பாருங்கள். தொழிற்சாலையில் போட்ட காடி மெல்லியதாக, நேராக இருக்கும். நம் ஊர் ஸ்க்ரூடிரைவர் நுழைந்திருந்தால் வாய் கிழிந்திருக்கும். திருகாணித் துளையின் விளிம்பு கூராக இருக்க வேண்டும். பஃபிங் சக்கரத்தில் பிடித்திருந்தால் விளிம்பு சரிந்து குழிந்திருக்கும். எழுத்துகளைப் பாருங்கள். முத்திரை அடித்தபோது எழுத்தின் ஓரத்தில் இரும்பு லேசாக மேலெழும்பும், தடவினால் தெரியும். தேய்த்த துப்பாக்கியில் அது மழுங்கி, எழுத்தே பாதி கரைந்திருக்கும். கரைந்த எழுத்தின் மேல் புத்தம்புதுக் கருநீலம் மின்னினால் கதை முடிந்தது: எழுத்து தேய்ந்த பிறகு வந்த நீலம் எப்படித் தொழிற்சாலை நீலமாகும்?

அடுத்தது எண்கள். சட்டகம், உருளை, குழல் எல்லாவற்றிலும் ஒரே வரிசை எண் போடும் வழக்கம் பல கம்பெனிகளுக்கு இருந்தது. எண்கள் பொருந்தினால் பிறந்தபோது இருந்த உடம்பு அப்படியே இருக்கிறது என்று அர்த்தம். பொருந்தாவிட்டால் இரண்டு மூன்று துப்பாக்கிகள் சேர்ந்து நடத்தும் கூட்டுக்குடும்பம். கைப்பிடி யானைத் தந்தம் என்று பெருமையாகச் சொன்னால் இன்னும் வேகமாக எழுந்திருங்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் ஒன்று இருக்கிறது. காவல்துறை போதாதென்று வனத்துறையையும் வீட்டுக்கு வரவழைத்த சேகரிப்பாளர் என்ற பெயர் உங்களுக்கு எதற்கு?

முத்திரைகளைப் படிக்கக் கற்பதுதான் இந்தப் பொழுதுபோக்கில் உண்மையான சுகம். பிரிட்டனில் ஒவ்வொரு குழலையும் கூடுதல் வெடிமருந்து போட்டுச் சோதித்து முத்திரை அடித்த பிறகுதான் விற்கலாம். பர்மிங்காமில் அதற்கென்று 1813இலேயே ஒரு சோதனைச்சாலை வந்துவிட்டது. பெல்ஜியத்தின் லியேஜ் நகரத்தில் முட்டை வடிவத்துக்குள் ஈ.எல்.ஜி. என்ற எழுத்துகள். அந்த முட்டையின் தலையில் கிரீடம் இருந்தால் 1893க்குப் பிந்தியது. இது ஏன் முக்கியம்? வெப்ளி 1872இல் ‘பிரிட்டிஷ் புல்டாக்’ என்று குட்டையான ஒரு சட்டைப்பை ரிவால்வரைக் கொண்டுவந்தது. சக்கைப்போடு போட்டது. உடனே லியேஜ் பட்டறைகள் அதேபோல ஆயிரக்கணக்கில் செய்து, மேலே ‘பிரிட்டிஷ் புல்டாக்’ என்றே எழுதி அனுப்பிவிட்டன. எழுத்தில் பிரிட்டன், முட்டையில் பெல்ஜியம். பெயரைப் படிப்பவன் வாங்குவான், முட்டையைப் பார்ப்பவன் பேரம் பேசுவான்.

வடமேற்கே கைபர் கணவாய்ப் பக்கத்துக் கைவினைஞர்கள் இதைவிட ஒரு படி மேலே. கையால் அரம் போட்டே எந்தத் துப்பாக்கியையும் நகலெடுப்பார்கள். ஆங்கிலம் தெரியாமல் எழுத்தைப் படமாக வெட்டுவதால் ‘என்’ என்ற எழுத்து கண்ணாடியில் பார்த்ததுபோலத் திரும்பி நிற்கும். விக்டோரியா மகாராணியின் கிரீடமும் வி.ஆர். என்ற எழுத்தும் போட்டு, கீழே 1919 என்று ஆண்டு போட்டிருப்பார்கள். மகாராணி போய்ச் சேர்ந்தது 1901 ஜனவரியில். இந்த ஒரு தேதியை மனப்பாடம் செய்துகொண்டால் போதும், வாழ்க்கையில் ஒரு முறையாவது நிபுணர் வேஷம் போட்டுவிடலாம்.

சென்னைக்காரர்கள் கனவு காண வேண்டிய முத்திரை வேறு. மவுன்ட் ரோட்டில் கடிகாரம் விற்ற பி. ஆர் அண்ட் சன்ஸ் அந்தக் காலத்தில் துப்பாக்கியும் விற்றது. ரங்கூனிலும் கிளை. ஓக்ஸ் அண்ட் கோ இன்னொரு பெரிய கடை. இந்தக் கடைகள் இங்கிலாந்திலிருந்து வந்த சரக்கின் மேல் தங்கள் பெயரைப் பொறித்து விற்றன. ‘மெட்ராஸ்’ என்று பொறித்த ஒரு பழைய துப்பாக்கி இன்று லண்டன் ஏலத்தில் வந்தால் நமக்கு மயிர்க்கூச்செறியும். அதனாலேயே எச்சரிக்கை. எழுத்து பொறிப்பவர்கள் பாரிமுனையில் இன்றும் இருக்கிறார்கள். எவர்சில்வர் பாத்திரத்தில் ‘சௌ. லட்சுமி’ என்று வெட்டிக் கொடுக்கிற அதே லாகவத்தோடு ‘மெட்ராஸ்’ என்றும் வெட்டுவார்கள்.

இனி இரண்டாவது கலை. கதை.

“எங்க தாத்தா பர்மாவுல இருந்து நடந்தே வந்தவர் சார். 1942. குண்டு போடுறான் ஜப்பான்காரன். மனுஷன் இடுப்புல இதுதான்.”

கேட்கும்போது உங்களுக்கே கண் கலங்கும். கலங்கட்டும். கலங்கிய கண்ணோடு துப்பாக்கிச் சட்டகத்தின் வலப்பக்கம் பாருங்கள். என்ஃபீல்டு, எண் 2 என்று இருக்கும். கீழே 1943.

“மாமா, துப்பாக்கில 1943ன்னு போட்டிருக்கே.”

மாமா ஒரு நொடி யோசிப்பார். “வயசானவர் சார். கொஞ்சம் மெதுவா நடந்திருப்பார்.”

இங்கே சிரித்துவிட்டு உட்காராதீர்கள். அது .38, தடைசெய்யப்பட்ட ரகம். செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்புவதுதான் முறை. வாசல் வரை வந்து, காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிடச் சொல்லி மாமாவிடம் மெல்லிய குரலில் சொல்வது மனிதாபிமானம்.

தமிழ்நாட்டில் கதைகளுக்கு ஒரு தரவரிசை உண்டு. உச்சியில் வாஞ்சிநாதன். 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷைச் சுட்ட துப்பாக்கியின் அண்ணன், தம்பி, ஒன்றுவிட்ட சித்தப்பா என்று தென்மாவட்டத்திலிருந்து ஏதாவது வந்துகொண்டே இருக்கும். வாஞ்சியின் கையில் இருந்தது பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங், தானியங்கி. அதில் சுழலும் உருளையே கிடையாது, தோட்டா கைப்பிடிக்குள் போகும். ஆறு துளை உருளையைச் சுழற்றிக் காட்டிக்கொண்டே வாஞ்சி பேரைச் சொல்கிறவரிடம் வாக்குவாதம் வேண்டாம். ஒரு காபி குடித்துவிட்டு வாருங்கள்.

அடுத்து, நம் தென்புறநகருக்கே உரிய கதை. 1967 ஜனவரி 12, ராமாவரம் தோட்டத்தில் எம்.ஆர். ராதா எம்.ஜி.ஆரைச் சுட்ட கதை. கழுத்தில் கட்டோடு எம்.ஜி.ஆர். இருக்கும் சுவரொட்டி ஒட்டியே பரங்கிமலைத் தொகுதியில் ஜெயித்தார்கள். அந்தச் சுவரொட்டியைப் பார்த்த பெரியவர்கள் இந்தப் பக்கத்தில் இன்னும் இருப்பதால், ‘அதே மாடல்’, ‘அதே கடையில வாங்கினது’, ‘அன்னிக்கு வண்டி ஓட்டினவரோட மச்சான்’ என்று கதை கிளை விட்டுக்கொண்டே போகும். வழக்கில் சான்றுப்பொருளாகப் போன துப்பாக்கி யாருடைய பீரோவுக்கும் வந்து சேராது. ‘அதே மாடல்’ என்பதற்கு மாடலுக்கு உண்டான விலைதான். ‘அதே’வுக்குத் தனியாகக் காசு கிடையாது.

எல்லாவற்றையும்விடச் சாமர்த்தியமான கதை இது: “மூர் மார்க்கெட்ல வாங்கினது சார்.” மூர் மார்க்கெட் 1985இல் எரிந்துபோனது. ரசீது கேட்க முடியாது, கடைக்காரரைத் தேட முடியாது. சென்னையில் பூர்வீகம் தெரியாத பொருள் எல்லாவற்றுக்கும் அதுதான் பிறந்த வீடு. சொல்கிறவர் வடபழனிப் பக்கமிருந்து வந்தவர் என்றால் பொருளைக் கையில் வாங்கி எடை பாருங்கள். சினிமா புராபர்ட்டி கடையில் வாடகைக்கு விட்ட டம்மியாக இருக்கலாம். அதில் ஒரு நிம்மதி, அதற்கு உரிமம் வேண்டாம்.

கதைக்குக் காசு கிடையாதா என்றால், உண்டு. மலைக்க வைக்கும் காசு உண்டு. 1847இல் சுமார் 1,100 மட்டுமே செய்த கோல்ட் வாக்கர் வகையில் ஒன்று, பெட்டியோடு, 2018இல் 18.4 லட்சம் டாலருக்குப் போனது. அது அபூர்வம் என்பதற்கான விலை, நியாயம். ஆனால் 2021இல் பான்ஹாம்ஸ் ஏலத்தில் 60 லட்சம் டாலரைத் தாண்டிய கோல்ட் அபூர்வமான ரகமே இல்லை. லட்சக்கணக்கில் செய்த மாடல். 1881இல் பில்லி த கிட் என்ற இளம் கொள்ளைக்காரனை ஷெரிஃப் பேட் காரெட் சுட்டது அதனால் என்பதற்கே அந்த விலை. காரெட் இறந்த பிறகு, ஒரு மதுக்கடைக்காரரிடம் இருந்த அந்தத் துப்பாக்கி தன்னுடையது என்று காரெட்டின் மனைவி நீதிமன்றம் போய் வழக்காடி மீட்டார். கவனியுங்கள், அந்த அம்மா போட்ட வழக்குக் கட்டுதான் பிற்பாடு மாமாக்களின் கண்ணீருக்குப் பதிலாக நின்றது. நம் ஊரில் பங்காளிச் சண்டை கோர்ட்டுக்குப் போனால் குடும்ப மானம் போச்சு என்கிறோம். சேகரிப்பாளர் பார்வையில் அதைப் போலச் சுபகாரியம் இல்லை. எண்ணோடு, தேதியோடு, முத்திரையோடு ஒரு காகிதம் கிடைக்கிறதே.

துலக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு உதாரணம். பிரான்சில் ஓவேர் கிராமத்து வயலில் 1960களில் ஒரு விவசாயிக்கு ஒரு லெஃபோஷே ரிவால்வர் கிடைத்தது. முழுக்கத் துரு, கைப்பிடி இல்லை. வான்கோ தன்னைச் சுட்டுக்கொண்டது அதனால்தான் இருக்கும் என்று ஊகிக்கிறார்கள், நிரூபணம் கிடையாது. 2019இல் பாரிஸ் ஏலத்தில் 1,62,500 யூரோவுக்குப் போனது. அது நம் வீட்டுக் கொல்லையில் கிடைத்திருந்தால் முதலில் மண்ணெண்ணெயில் ஊறப்போட்டிருப்போம். அப்புறம் உப்புத்தாள். மூன்றாம் நாள் காயலான் கடைக்காரர் எடை போட்டுக் காசு கொடுத்திருப்பார்.

இவ்வளவுக்கும் பிறகு உங்களிடம் உரிமத்தோடு, எண்கள் பொருந்திய, யாரும் தேய்க்காத ஒரு .32 வந்து சேர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். தேர்தல் அறிவிப்பு வந்ததும் காவல் நிலையத்தில் கொண்டுபோய் ஒப்படைக்கச் சொல்வார்கள். பாராளுமன்றம், சட்டமன்றம், உள்ளாட்சி என்று நம் ஜனநாயகத்துக்கு ஓய்வே கிடையாது. கொடுக்கும்போது ரசீதில் எண், அளவு, கம்பெனிப் பெயர், முடிந்தால் நிலை எல்லாவற்றையும் எழுதி வாங்குங்கள். திரும்ப வரும்போது அங்கேயும் ஒரு ஆயுத பூஜை நடந்திருக்கலாம். விற்பதென்றால் வாங்குகிறவருக்கும் உரிமம் இருக்க வேண்டும். வெளிநாட்டில் நல்ல விலை போகிறதே என்று பார்சல் கட்டாதீர்கள். நூறு ஆண்டு தாண்டியது தொல்பொருள் என்று 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் சொல்கிறது. அதைத் தனியார் ஏற்றுமதி செய்ய முடியாது. தொண்ணூற்றொன்பது வயதில் அனுப்பிவிடலாமே என்று கேட்கும் புத்திசாலிகளுக்கு ஆயுதச் சட்டம் தனியாகக் காத்திருக்கிறது.

உரிமம் கிடைக்காதவர்களுக்கும், கிடைத்தும் வீட்டம்மா விடாதவர்களுக்கும் ஒரு மாற்று ஏற்பாடு இருக்கிறது. லண்டன் பெருங்கண்காட்சியில் கோல்ட்டும் ஆடம்ஸும் ஆளுக்கொரு ரிவால்வரை வைத்துக்கொண்டு முறைத்துக்கொண்ட அதே 1851இல்தான் சென்னை அருங்காட்சியகமும் தொடங்கியது. எழும்பூரில் அதன் ஆயுதக்கூடம். கோட்டை அருங்காட்சியகத்தில் இன்னொன்று. தாம்பரத்தில் பீச் வண்டி ஏறினால் இரண்டுக்கும் ஒரே தடம், எழும்பூரில் இறங்கலாம் அல்லது கோட்டை ஸ்டேஷன் வரை போகலாம். யாரும் பிராஸோ போடாத பழைய எஃகு எப்படி இருக்கும் என்பதைக் கண்ணாடிக்கு வெளியே நின்று வேண்டிய மட்டும் பார்க்கலாம். வெள்ளிக்கிழமை மட்டும் போகாதீர்கள், இரண்டுக்கும் விடுமுறை.